துருப்பிடித்து இறுகிய பிரேக் டிரம்: கேள்வி பதில்

செம்பூரிலிருந்து: அண்ணா, மழைக்காலம் முழுக்க ஆம்னியை ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தேன். பின்சக்கரம் ஒன்று இறுகிவிட்டது. சக்கரத்தைக் கழற்றியாச்சு, டிரம் (பிரேக்கை மூடியிருக்கும் வட்ட இரும்புக் கூடு) வரவில்லை. சுத்தியலால் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. டிரம் வார்ப்பிரும்பு, ஓரத்தில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அதைவிட முக்கியம், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தீர்களா? ஆம்னியில் கியர், ஹேண்ட்பிரேக் இரண்டுமே பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரங்கள் சும்மா உருளும். கட்டை கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

அப்புறம் ஹேண்ட்பிரேக்கை விட்டு, அதன் கேபிளை இறுக்கும் நட்டைத் தளர்த்துங்கள். ஹப்பைச் (டிரம் பொருந்தும் நடுப்பகுதி) சுற்றித் தெரியும் துருவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் டபிள்யூடி-40 எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு ராத்திரி ஊற விடுங்கள். நிறைய ஊற்றினால் உள்ளே டிரம்மோடு உரசிப் பிரேக் பிடிக்கும் ஷூவில் இறங்கிவிடும். டிரம்மின் முகத்தில் மரை உள்ள இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மி.மீ. போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றிக் கால் சுற்று முடுக்குங்கள். போல்ட் ஹப்பில் முட்டி, டிரம்மை வெளியே தள்ளும். ரொம்ப இறுகினால் நிறுத்திவிட்டு, மரக்கட்டை வைத்து சக்கர நட்டுகள் பூட்டும் ஸ்டட்டுகளுக்கு நடுவே தட்டிவிட்டுத் தொடருங்கள். ஒரே போல்ட்டை விடாமல் முடுக்கினால் டிரம் கோணிக்கொள்ளும், மரையும் போகும்.

முலுண்டிலிருந்து: என் ஆல்டோவில் எண்ணெய் விட்டும் அசையவில்லை சார்.

பதில்: ஆல்டோவில் டிரம்முக்குள்ளேயே பேரிங் இருக்கிறது. நடு மூடிக்குக் கீழே உள்ள பெரிய நட்டைக் கழற்றாமல் எத்தனை நாள் ஊற வைத்தாலும் வராது. அதைத் திரும்ப இறுக்க, சரியான அளவு விசையில் முடுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும். கையில் இல்லை என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பேரிங் விஷயத்தில் குத்துமதிப்பு கூடாது.

டோம்பிவிலியிலிருந்து: கேஸ் டார்ச்சால் சூடாக்கலாமா?

பதில்: கூடாது. பக்கத்திலேயே ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர், பிரேக் ஆயில் எல்லாம் இருக்கின்றன.

நெருளிலிருந்து: டிரம் கழன்றுவிட்டது. உள்ளே ஒரே தூசி, ஊதிவிடலாமா?

பதில்: ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். வீல் சிலிண்டர் ரப்பர் ஓரத்தில் ஈரம் இருந்தால் ஆயில் கசிகிறது, முதலில் அதை மாற்றுங்கள். அடுத்த மழைக்கு வண்டி நெடுநாள் நிற்பதானால் ஹேண்ட்பிரேக் வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, கட்டை கொடுத்தால் போதும்.