மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் விதம் நம் குணத்தையே மாற்றுமா?

நம்மைப் பற்றி நாம் நினைப்பது உறவுகளைத் தீர்மானிக்கிறதா, அல்லது உறவுகள்தான் நம்மைத் தீர்மானிக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும்தான்.

1977-இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் ஸ்னைடரும் சகாக்களும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் போனில் பேச வேண்டும். ஆண்களிடம் மட்டும் ஒரு போட்டோ. சிலருக்கு அழகான முகம், சிலருக்குச் சுமாரான முகம். உண்மையில் அது எதிர்முனையில் இருந்த பெண்ணின் படமே இல்லை. அவளுக்கு இந்த விஷயமே தெரியாது. அப்புறம் பெண்களின் குரலை மட்டும் பிரித்தெடுத்து வேறு ஆட்களைக் கேட்கச் சொன்னார்கள். அழகி என்று நம்பப்பட்ட பெண்கள்தான் கலகலப்பாக, அன்பாகப் பேசியதாக அவர்களுக்குத் தோன்றியது. அழகி என்று நம்பிய ஆண்கள் கனிவாகப் பேச, அந்தப் பெண்களும் மலர்ந்து பேசியிருக்கிறார்கள். ஒரே ஒரு போன் பேச்சுக்கே இப்படி என்றால், "மக்கு" என்று வருடக்கணக்கில் கேட்டு வளரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கம் இன்னும் வேதனையானது. தம்பதிகளைப் பற்றி உளவியலாளர் வில்லியம் ஸ்வான் குழு 1992-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் தங்களை மட்டமாக மதிக்கும் துணையோடுதான் அதிகம் ஒட்டியிருந்தார்கள். பாராட்டு அவர்களுக்குப் பொய்யாகப் படுகிறது. அதனால் "நீ கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "நேற்று நீ சொல்லிக்கொடுத்த பிறகுதான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது" என்று சொல்லுங்கள். அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.