கேரவனில் கொங்கண் கரை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ஓய்வுபெற்றவர்கள் கேரவனில் கடற்கரையோரமாக ஊர் சுற்றுவதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். அதற்கு மும்பை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் எல்லாமே கொங்கண் கரையைப் பற்றித்தான். நானும் என் கணவரும் ஓய்வுக்குப் பிறகு செம்பூரிலிருந்து கிளம்பிப் போவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் என்பதால், பதிலையும் என்னையே எழுதச் சொல்லிவிட்டார் ஆசிரியர்.

கேள்வி: நானும் மனைவியும் அறுபதைத் தாண்டியவர்கள். கேரவன் வாடகைக்கு எடுத்து மும்பையிலிருந்து கோவா வரை கடலோரமாகவே போய்வர ஆசை. ஒரு வாரம் போதுமா?
(வாசகர், மாட்டுங்கா)

போதாது. ஒரு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் கோவாவை விட்டுவிட்டு குஹாகர் வரைக்கும் போய்த் திரும்புங்கள். கோவா வரை போயே தீர வேண்டும் என்றால் போகும் வழிக்கு மட்டும் இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

மேப்பில் பார்த்தால் கோவா சுமார் 590 கிலோமீட்டர்தான், ஒரு நாளில் போய்விடலாம் போலத் தெரியும். அது பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற தேசிய நெடுஞ்சாலை 66. மகாராஷ்டிராவுக்குள் அந்தச் சாலை மகாட், சிப்ளூண் என்று உள்ளடங்கியே போகும், கடல் கண்ணில் படவே படாது. கடலைப் பார்த்துக்கொண்டே போக வேண்டுமானால் கிராமத்துச் சாலைகளையும் கழிமுகங்களில் ஓடுகிற வண்டிப் படகுகளையும்தான் பிடிக்க வேண்டும்.

மும்பை மஸ்காவில் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020-லிருந்து ரோரோ கப்பல் ஓடுகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம், வண்டியோடு ஏறிக்கொள்ளலாம். வண்டியின் நீள உயரத்தைச் சொல்லி முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பன்வேல் நெரிசல் மொத்தமும் மிச்சம். அங்கிருந்து அலிபாக், காஷித், முருட். முருடை ஒட்டி கடலுக்குள் நிற்பது ஜஞ்ஜிரா, ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளின் கோட்டை, மராட்டியர் எத்தனையோ முறை முயன்றும் பிடிக்க முடியாதது. அப்புறம் அகர்தாண்டாவில் வண்டியைப் படகில் ஏற்றி திகியில் இறங்கினால் திவேயாகர், ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர். பாக்மாண்ட்லாவிலிருந்து வேஷ்விக்கு சாவித்ரி நதியைக் கடக்க இன்னொரு படகு, அதன்பின் கேள்ஷி, ஆஞ்சர்லே, ஹர்ணை. தாபோளிலிருந்து தோபாவேக்கு வாசிஷ்டி நதியில் மூன்றாவது, குஹாகர், வேள்ணேஷ்வர், ஹேத்வி தாண்டி தவ்சாளிலிருந்து ஜெய்கட்டுக்கு நான்காவது. அதற்குப் பிறகு கண்பதிபுளே, ஆரே-வாரே, ரத்னகிரி. ரத்னகிரிக்குத் தெற்கே பெரும்பாலும் பாலங்கள் உண்டு, விஜயதுர்க், தேவ்கட், மால்வண், வேங்குர்லா என்று இறங்கிக்கொண்டே போகலாம்.

இந்தப் படகுப் பயணங்களுக்காகவே நான் இந்த வழியைச் சொல்கிறேன். கரையில் போட்டிருக்கும் சரிவில் படகின் இரும்புத் தட்டு வந்து படியும். முதலில் பைக்குகள், பிறகு கார்கள், நடுநடுவே மீன் கூடைக்காரப் பெண்கள். உதவியாள் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி வண்டியை ஒரு கை இடைவெளிகூட இல்லாமல் நிறுத்தவைப்பார், சில இடங்களில் பின்பக்கமாகவே ஏறச் சொல்வார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, கேஸ் சிலிண்டரையும் மூடிவிட்டு இறங்கி நின்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் சரிவு செங்குத்தாகிவிடும், கேரவனுக்குப் பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தரையில் உரசும். அப்படித் தெரிந்தால் அவசரப்படாமல் தண்ணீர் ஏறும் வரை காத்திருங்கள், படகுக்காரரே எப்போது ஏற்றலாம் என்று சொல்வார்.

ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஸ்ரீவர்தன், கேள்ஷி போன்ற ஊர்களுக்குள் இரண்டு பக்கமும் செம்பாறாங்கல் சுவர், மேலே பாக்கு மரங்களும் தாழ்ந்து தொங்கும் கம்பிகளும். எதிரே எஸ்டி (மாநில அரசு) பஸ் வந்துவிட்டால் நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். வேலைக்குப் போன காலம் முழுக்க 8.12 லோக்கல் ரயிலுக்கு ஓடியவர்கள் நாம். இந்தப் பயணத்திலும் மணி பார்த்து ஓடாதீர்கள். பதினொரு மணிக்கு ஓட்டத்தை நிறுத்திவிட்டால் மத்தியானம் முழுக்க உங்களுடையது.

கேள்வி: என் கணவருக்கு ஆசை, எனக்குப் பயம். முழங்கால் வலி இருக்கிறது, கழிப்பறை எப்படியோ என்று யோசனை. அங்கேயும் நான்தான் சமைக்க வேண்டுமா?
(வாசகி, முலுண்ட்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம். வீட்டில் நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவரை இரண்டடி அகல மேடை முன்னால் மறுபடி நிறுத்தினால் அவருக்கு அது என்ன ஓய்வு? காலைக் காபி, கஞ்சி, சாயங்காலம் டீ, இவ்வளவுதான் வண்டிக்குள். அதையும் முறை வைத்துச் செய்யுங்கள். மற்றதெல்லாம் வெளியே. இதைக் கிளம்புவதற்கு முன்பே உங்கள் கணவரிடம் பேசி முடித்துவிடுங்கள். இந்தப் பதிலை அவர் படிப்பார் என்றால் அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கழிப்பறைக்குப் பயம் வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கேசட் வகை, நாம் உட்காருகிற மேற்கத்திய உயரம்தான், கீழே இருக்கும் தொட்டியை வெளியிலிருந்து பெட்டி மாதிரி இழுத்து எடுக்கலாம். அதில் இருபது லிட்டருக்குள்தான் கொள்ளும், இரண்டு பேருக்கு இரண்டு நாள், இழுத்துப் பிடித்தால் மூன்று நாள். நிரம்பிய தொட்டி கனக்கும், முழங்கால் வலிக்காரர் அதைத் தூக்கவே கூடாது. நிரம்பும் வரை விடாமல், தங்கும் இடத்தில் செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் அவர்களைக் கேட்டுக் காலி செய்யுங்கள். கழிமுகத்திலோ தோப்பிலோ கொட்டுவது அங்கே வாழ்கிற மனிதர்களுக்கு நாம் செய்கிற துரோகம், கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முழங்காலுக்கு இரண்டு விஷயம் பாருங்கள். வாடகைக்கு எடுக்கும் முன் வண்டியில் ஏறிப் படுத்து எழுந்து பாருங்கள். படி உயரம் அதிகமாக இருந்தால் மடக்குப் படி ஒன்று கேளுங்கள், ராத்திரியில் எழுந்து போகும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்கு மேலே ஏணி வைத்து ஏறுகிற படுக்கை உள்ள வண்டி என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய வேன் ஒன்று இருக்கிறது. அதையே கேரவனாக மாற்றிக்கொள்ளலாமா? அல்லது புதிதாக வாங்குவதா?
(வாசகர், டோம்பிவிலி)

இரண்டும் இப்போது வேண்டாம். முதலில் நாலு நாள் வாடகைக்கு எடுங்கள். அந்தச் சின்ன இடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

மாற்றுவதென்றால், வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு விடாது. ஆர்டிஓ அனுமதி, ஆர்சி-யில் பதிவு, பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிப்பது என்று எல்லாம் உண்டு. கார்ப்பெண்டரை வைத்துக் கட்டில் போட்டுவிட்டு பேசாமல் இருந்தால், ஒரு விபத்து நடக்கும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். கேஸ் அடுப்பு வைப்பதானால் தரை மட்டத்தில் காற்றுத் துளை கட்டாயம், சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும்.

ஏசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொத்தமே 1200 வாட்-அவர்தான். ஒரு டன் ஏசி அதை ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட என்ற கணக்கில் குடித்துவிடும். ஃபேன், விளக்கு, சின்ன ஃபிரிட்ஜுக்கு பேட்டரியும் சோலாரும் போதும். ஏசி போட்டுத் தூங்க வேண்டுமென்றால் ஏதாவது தங்குமிடத்தில் நிறுத்தி, 15 ஆம்பியர் பிளக் கேட்டு, அதற்குக் காசு கொடுத்துப் பயன்படுத்துங்கள்.

லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதுக்குப் பிறகு புதுப்பித்தால் ஐந்து ஐந்து வருடமாகத்தான் கிடைக்கும், டாக்டர் தரும் 1ஏ படிவ மருத்துவச் சான்றும் வேண்டும். டிரைவரோடு வாடகைக்கு எடுத்தால் ராத்திரி அவருக்குத் தனி அறை போட்டுக் கொடுங்கள், முன் சீட்டில் படுக்கவைக்காதீர்கள். மறுநாள் அந்தச் சாலைகளில் உங்கள் இருவரையும் ஓட்டிப் போகப் போவது அவர்.

கேள்வி: ராத்திரி கடற்கரையிலேயே வண்டியை நிறுத்தித் தூங்கலாமா?
(வாசகர், வாஷி)

மணலில் கூடவே கூடாது. கொங்கண் கடற்கரைகளில் மணலில் இறங்கிய கார்கள் சிக்கிக்கொண்டு, தண்ணீர் ஏறிய பிறகு டிராக்டர் வைத்து இழுக்கிற காட்சி விடுமுறை நாட்களில் சாதாரணம். கேரவன் அதைவிட எடை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஓதம் (கடல் நீர் ஏறி இறங்குவது) மிகப் பெரிதாக வரும், அந்த நாட்களில் இந்தக் கரையில் உச்ச ஓதம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வருகிறது. அதாவது சாயங்காலம் நீங்கள் நிறுத்தும்போது கடல் வெகு தூரத்தில் இருக்கும், நல்ல தூக்கத்தில் இருக்கும்போது சக்கரத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், போனில் ஓத அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் ஹோம்ஸ்டே வாசலில், இல்லை கோயில் பக்கத்து மைதானத்தில் கேட்டு நிறுத்துங்கள். கண்பதிபுளே, ஹரிஹரேஷ்வர் போன்ற இடங்களில் மாநில சுற்றுலாக் கழகத்தின் விடுதிகள் இருக்கின்றன, முன்பே போன் செய்து கேரவன் நிறுத்த இடம் உண்டா என்று கேளுங்கள். வேஷ்வியில் இறங்கியதும் அருகே இருப்பது வேளாஸ் கிராமம், ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடுகிற கரை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஊர்க்காரர்கள் காவல் காத்து, காலையும் மாலையும் குஞ்சுகளைக் கடலுக்கு விடுவார்கள். அந்தக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும், அதனால் அந்தப் பக்கம் கடலைப் பார்க்க ஹெட்லைட்டோ வண்டிக்கு வெளியே விளக்கோ போடாதீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் குஞ்சு அலையைத் தொட்டதும் ஒரு தடவை பின்னுக்கு உருண்டு வந்து மறுபடி நடக்கும். அதை ஒரு காலையில் பார்க்க மட்டுமே வேளாஸில் இரண்டு நாள் தங்கலாம்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? நவம்பரில் பென்ஷன் லைஃப் சர்டிபிகேட் வேறு கொடுக்க வேண்டியிருக்கிறதே?
(வாசகர், சயான்)

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. மார்ச் கடைசி, ஏப்ரலில் புழுக்கம் தாங்காது, ஆனால் தேவ்கட் ஹாபூஸ் (அல்போன்சா) மாம்பழம் தோப்பிலிருந்தே கிடைக்கும், அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், கேரவன் வேண்டாம், ஜஞ்ஜிராவுக்கும் சிந்துதுர்க் கோட்டைக்கும் படகும் அப்போது கிடையாது.

சர்டிபிகேட்டுக்காகப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஜீவன் பிரமாண் என்ற முறையில் போன் கேமராவில் முகத்தைக் காட்டியே எங்கிருந்தும் கொடுத்துவிடலாம். 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே ஏற்கிறார்கள். சிக்னல் நன்றாக இருக்கும் ரத்னகிரி போன்ற ஊரில் வைத்துச் செய்யுங்கள். அங்கேயே திபா அரண்மனையையும் பார்த்துவிடலாம், பர்மாவின் கடைசி அரசர் திபா 1885-ல் நாடு கடத்தப்பட்டு 1916-ல் இறக்கும் வரை அந்த ஊரில்தான் இருந்தார். மாத்திரைகளைப் பயணக் கணக்குக்கு மேல் பத்து நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், இன்சுலின் போடுகிறவர்கள் வண்டி ஃபிரிட்ஜில் உறைபகுதியை ஒட்டி அதை வைக்காதீர்கள், உறைந்தால் வீண்.

கேள்வி: நாங்கள் சைவம். மீன் ஊர்களில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
(வாசகி, செம்பூர்)

கவலையே வேண்டாம். நம் தோசைக்குப் பக்கத்து வீட்டு உறவு மாதிரி அங்கே ஆம்போளி உண்டு, அரிசி மாவில் மெல்லியதாக ஊற்றுகிற காவன் உண்டு, கூடவே தேங்காய்ச் சட்னி. சாப்பாட்டுக்கு அரிசி பாகரி (ரொட்டி), உசல் (பயறுக் குழம்பு), வரண் பாத் (பருப்பும் சோறும்), கடைசியில் கோகம் என்ற புளிப்புப் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடி. வேகவைத்த மோதகம், வேறு அறிமுகமே வேண்டாம், நம் கொழுக்கட்டைதான், மேலே ஒரு கரண்டி நெய் விட்டுத் தருவார்கள். காபிப் பொடியையும் ஃபில்டரையும் மட்டும் மாட்டுங்காவிலிருந்து கொண்டு போங்கள்.

ஆனால் கிராமங்களில் ஓட்டல் என்று தனியாக இருக்காது, வீட்டுச் சாப்பாடுதான், எத்தனை பேர் என்று தெரிந்த பிறகே உலை வைப்பார்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. காலையிலேயே போன் செய்து இரண்டு பேர், சைவம் என்று சொல்லிவிடுங்கள், வெங்காயம் பூண்டு வேண்டாம் என்றால் அதையும் அப்போதே.