கஞ்சி குடித்தால் குடல் புற்று வராதா?

கேள்வி: முழுதானிய மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வைத்து, காலையில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்து வருகிறேன். இப்படிக் குடிப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வராது என்கிறார்களே, உண்மையா? என் அப்பாவுக்கு 58 வயதில் அந்த நோய் வந்தது. எனக்கு இப்போது 51. சில வாரமாக மலத்தில் ரத்தம் தெரிகிறது. மூலம்தான் என்று விட்டுவிட்டேன். கஞ்சியின் அளவைக் கூட்டலாமா?

பதில்: கஞ்சி இருக்கட்டும், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரமே. மூலமாகவே இருக்கலாம். ஆனால் மூலம் உள்ளவருக்குக் குடலில் கட்டியும் சேர்ந்தே இருக்க முடியும். உள்ளே பார்க்காமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ‘வராது’ என்று அடித்துச் சொல்கிறவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பேச்சை நம்பித்தானே இத்தனை வாரம் சும்மா இருந்துவிட்டீர்கள்?

முழுதானியத்துக்கு நல்ல பெயர் சும்மா வரவில்லை. தினமும் 90 கிராம் உண்பவர்களுக்கு இந்தப் புற்று வரும் அபாயம் சுமார் 17 சதவீதம் குறைவு என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறது. சிறுகுடலில் செரிக்காத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து, பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருள் அது. மலமும் குடலில் நெடுநேரம் தங்காது. ஆனால் 17 சதவீதம் குறைவு என்றால், 100 பேருக்கு வரவேண்டிய நோய் 83 பேருக்கு வருகிறது என்று அர்த்தம். அதிலும், முழுதானியம் உண்பவர்கள் பெரும்பாலும் புகைக்காதவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். எது எவ்வளவு காத்தது என்று பிரிப்பது கடினம். 2000-ல் அமெரிக்காவில் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி) அகற்றப்பட்டவர்களில் ஒரு சாராருக்கு நார்ச்சத்து மிகுந்த உணவையும் இன்னொரு சாராருக்குக் கோதுமைத் தவிட்டையும் சில ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். பாலிப் மறுபடி முளைப்பது குறையவில்லை.

சரி, புளிக்க வைப்பதால் என்ன பயன்? தானியத்தில் தாதுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் சிதைவதால் இரும்பும் துத்தநாகமும் உடலில் எளிதாகச் சேரும். நல்லதுதான். ஆனால் கஞ்சி கொதித்ததுமே புளிக்க வைத்த பாக்டீரியாக்கள் செத்துவிடும். புளிக்காத தானியத்தைவிடப் புளித்தது புற்றை அதிகம் தடுக்கும் என்று மனிதர்களிடம் யாரும் நிரூபித்ததில்லை.

பெரும்பாலான பெருங்குடல் புற்று சிறு பாலிப்பாகத் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்துத்தான் புற்றாக மாறுகிறது. ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே கம்பிச் சுருக்கு மாட்டி அறுத்து எடுத்துவிடுவார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பாக, எது முந்தியோ அப்போதே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கஞ்சியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. கொலோனோஸ்கோபிக்கு முந்தைய சில நாள் மட்டும் முழுதானியத்தையும் தவிட்டையும் தவிர்க்கச் சொல்வார்கள். நார் குடலில் ஒட்டியிருந்தால் சிறு பாலிப் கண்ணில் படாமல் போய்விடும். மருத்துவரிடம் அப்பாவுக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதையும், ரத்தம் எத்தனை வாரமாகத் தெரிகிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.