கடை விறாந்தையில் படுக்கும் பெரியவருக்குப் பல் செட் கட்டலாமா?

கேள்வி: ஹட்டனில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் இரவில் எங்கள் விறாந்தையில் படுப்பார். தோட்டத்தை விட்டு வந்தவர், வீடு வாசல் இல்லை. கொஞ்ச நாளாக ரொட்டியை பிளேன்டியில் ஊறப்போட்டு விழுங்குகிறார். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறார். கேட்டால் "ஒன்னும் இல்லீங்க" என்கிறார். நாலு பேர் காசு சேர்த்துப் பல் செட் கட்டிக் கொடுக்க நினைக்கிறோம். சரியா?

பதில்: நல்ல மனசு. ஆனால் பல் செட்டைக் கடைசியில் பார்க்கலாம்.

வாய்நோய் ஒருவருடைய அன்றாட வாழ்வை எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்க 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. 1997இல் வெளியானது, இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. வாயில் எத்தனை சொத்தை என்று அதில் கேள்வியே கிடையாது. சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினீர்களா, சொல் உச்சரிக்கக் கஷ்டமா, வெட்கமாக இருந்ததா, மற்றவர்களிடம் எரிந்து விழுந்தீர்களா, வேலை செய்ய முடிந்ததா என்றுதான் போகும். ரொட்டியை ஊறவைப்பதும் வாயை மூடுவதும் அந்தப் படிவத்துக்கான பதில்கள்தான்.

அதனால் "பல் வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். தெருவில் இருப்பவருக்கு வலி பழகிப்போயிருக்கும். "எந்தப் பக்கம் மெல்லுறீங்க? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். ஹட்டன் குளிரில் காலையில் பைப் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொன்னால், ஈறு இறங்கிய பல் உள்ளவருக்கு உயிர் போகும். கடையில் அரை கிளாஸ் வெந்நீர் கலந்து கொடுங்கள். மென்மையான பிரஷும் ஃபுளோரைட் பற்பசையும் கொடுத்தால் இன்னும் நல்லது.

வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், மூன்று விரலைச் செங்குத்தாக வைக்க முடியாத அளவுக்கு இறுகிய வாய், இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலையில் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். ஆனால் அவர் வெற்றிலை போடுபவராக இருந்தால் அதைப் பிடுங்கி எறியாதீர்கள். பாக்கு உடம்பைச் சூடாக்கும், பசியை மறைக்கும். வெறும் சிமெந்துத் தரையில் படுப்பவர் அதை ருசிக்காக மட்டும் போடுவதில்லை. இரவில் சூடாக ஏதாவது சாப்பிடக் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள்.

முகம் கண்பக்கமோ கழுத்துப்பக்கமோ வீங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், காய்ச்சலோடு வாய் திறக்க வராவிட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மற்ற நேர வலிக்குப் பெனடோல் கொடுக்கலாம். ஆனால் குடிப்பவராக இருந்தால் ஈரலுக்கு ஆபத்து, அளவை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழு அட்டையையும் கையில் கொடுக்காமல் வேளைக்கு வேளை நீங்களே கொடுங்கள். மாத்திரையை ஈறில் வைத்து அடக்கும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. பயனில்லை, புண்தான் மிச்சம்.

அரச ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் காசு வேண்டாம். அவரைத் தடுப்பது வேறு. ஒருமுறை என்னிடம் பல் பிடுங்க வந்த, இவரைப் போலவே வீடில்லாத வேறொருவர் வாசலோடு திரும்பப் பார்த்தார். பயம் என்று நினைத்தேன். அவருடைய சாமான் மூட்டையை வெளியே வைக்கச் சொல்லியிருந்தார்கள், அதுதான் காரணம். கடைசியில் மூட்டையை வயிற்றின்மேல் வைத்துக் கட்டிப்பிடித்தபடியே நாற்காலியில் சாய்ந்தார், இரண்டு கடைவாய்ப் பல்லையும் எடுத்தேன். உங்கள் பெரியவரின் சாமானைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, யாராவது ஒருவர் கூடவே போங்கள். நம்பர் எடுக்க விடியவே கிளம்ப வேண்டும்.

பல் பிடுங்கும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அன்றும் மறுநாளும் உங்கள் கடை திறந்திருக்க வேண்டும். பஞ்சை அரை மணி நேரம் கடித்திருக்க வேண்டும், அன்று பீடியும் வெற்றிலையும் கூடாது, அடிக்கடி துப்பவும் கூடாது. ஆறிய கஞ்சியோ குழைந்த சோறோ யார் கொடுப்பது? மறுநாளிலிருந்து உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரால் கொப்பளிக்க யாரிடம் போவார்? கடை மூடும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்துக்கு முதல்நாள் வேண்டாம்.

அப்புறம்தான் பல் செட். பல் எடுத்த எலும்பும் ஈறும் ஆறிப் படிய சில மாதம் பிடிக்கும். அவசரமாகக் கட்டினால் தளர்ந்து ஆடும், குத்தும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட ஒரு டப்பாவும், அது காணாமல் போகாத இடமும் வேண்டும். பேராதனை பல் போதனா வைத்தியசாலையில் பொய்ப்பல் பிரிவு இருக்கிறது. பலமுறை போய்வர வேண்டியிருக்கும் என்பதால், சேர்த்த காசை பஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள். முதலில் அவரிடமே கேளுங்கள். வலி நின்று ரொட்டியை ஒரு பக்கமாவது மெல்ல முடிந்தால், "செட்டு வேணாங்க, இதுவே போதும்" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.