கடலே இல்லாத ஊரில் கடலடி புராஜெக்டா?

அம்மா, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ கடைசி வருஷம் படிக்கும் உங்கள் மகள், கடலுக்கடியில் சென்சார்கள் தகவல் கடத்தும் வழியைப் புராஜெக்டாக எடுத்திருக்கிறாள். "காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கட்டும் அம்மா, நல்ல தலைப்பு.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் முங்கி இரண்டு கல்லைத் தட்டினால், எதிர்ச்சுவரோரம் முங்கியிருப்பவனுக்குக் காதருகே தட்டியதுபோல் கேட்கும். கடலிலும் அப்படித்தான். செல்போன், வைஃபை அலைகள் உப்புத் தண்ணீரில் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும். ஒலி கிலோமீட்டர் கணக்கில் போகும். ஆனால் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர்தான். 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கருவியிடம் கேட்டுப் பதில் வர 4 நொடி. பேட்டரி தீர்ந்தால் அவ்வளவு ஆழத்தில் யார் போய் மாற்றுவது?

அதனால் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் பேசக் கூடாது. உங்கள் மகள் எடுத்திருக்கும் முறையில், ஒவ்வொன்றும் நீரழுத்தத்தை வைத்துத் தன் ஆழத்தை அறிந்துகொள்ளும். செய்தி கடல்மட்டத்தை நோக்கிக் கைமாறிக் கைமாறி மேலே ஏற வேண்டும். 200 மீட்டர் ஆழத்திலிருந்து கிளம்பிய செய்தியை 150-லும் 120-லும் இருப்பவை கேட்டால், மேலே இருக்கும் 120 குறைவாகக் காத்திருந்து முதலில் அனுப்பும். அது அனுப்பியதைக் கேட்டதும் 150 அமைதியாகிவிடும், பேட்டரி மிச்சம். மேலே ஒரு கருவியுமே எட்டாத இடம் வந்தால் செய்தி அங்கேயே நின்றுபோகும். அந்தச் சிக்கலைத்தான் அவள் குடைய வேண்டும்.

வேலைக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடல்களில் இதே ஒலிவழி வேலை செய்கிறது: கடல்தரையிலுள்ள அழுத்தமானி ஒலியால் மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், கொச்சியில் டிஆர்டிஓ என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கடற்படை ஆய்வகம் என்று இடங்கள் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதை மட்டும் நம்பி உட்காரச் சொல்ல மாட்டேன். பேட்டரியை மிச்சம்பிடித்துத் தகவல் அனுப்பும் இதே அறிவு, தோட்டத்து ஈரப்பத சென்சாருக்கும் ஓசூர் தொழிற்சாலை சென்சாருக்கும் வேண்டும்.

அப்புறம், புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கலாமா என்றும் கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். கருவிகள் தகவல் கடத்துவதைக் கணினியிலேயே ஓட்டிப்பார்க்கும் என்எஸ்-3 என்ற மென்பொருள் இலவசம், கடலடி ஒலிக்கான பகுதியும் அதில் இருக்கிறது. அதற்கு வேண்டிய சி++ நிரல்மொழி கொஞ்சம் படுத்தும், ஒரு மாதம் மல்லுக்கட்டட்டும். இன்டர்வியூவில் "காத்திருக்கும் நேரத்தை ஏன் இப்படி வைத்தாய்?" என்று கேட்டால், வாங்கிய புராஜெக்ட் வாய் திறக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, 120 ஏன் முந்துகிறது என்று உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். சொன்னபிறகு எனக்குப் போன் பண்ணுங்கள்.