40,000 ரூபாய் கொடுத்தால் கிரிப் ‘கிளியர்’ ஆகுமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷின் வாங்க எடுத்த வங்கிக் கடனில் 2022 இல் நான்கு மாதம் தவணை தவறியது. பிறகு முழுவதையும் கட்டி முடித்துவிட்டேன். கணவரின் ஆட்டோ லீசிங்குக்கு நான்தான் பிணை. டீசல், பெற்றோல் இல்லாத காலத்தில் அதுவும் கட்ட முடியாமல் போய், வண்டியைக் கம்பனி எடுத்துக்கொண்டது. இப்போது ஓவர்லொக் மெஷினுக்கு 3 லட்சம் கேட்டால், ‘உங்கட பெயர் கிரிப்பில் விழுந்திருக்கு’ என்கிறார்கள். 40,000 தந்தால் பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நாம் கிரிப் என்று சொல்வது, 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தங்கள் கடன்காரரின் கணக்கை அனுப்புகின்றன, பணியகம் அதைத் தொகுத்து வைக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்குக் கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ அது யாருக்கும் சொல்வதில்லை. ஒரு வரி பிழையென்றால், அதை அனுப்பிய நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். இடையில் நிற்கும் தரகருக்கு அதில் கை வைக்க வழியே இல்லை. நான் வங்கிக் கடன் பிரிவில் இருந்த காலத்தில், அடையாள அட்டைப் பிரதியும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் கொடுத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காசு போனதைவிட அந்தக் கையெழுத்து போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுங்கள். கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையில் அடையாள அட்டையோடு போய், படிவம் நிரப்பி, ஒரு சிறு கட்டணம் செலுத்தினால் போதும். பணியகத்தின் இணையத்தளம் வழியாகவும் எடுக்கலாம். சொந்த அறிக்கையைப் பார்ப்பதால் உங்கள் பெயருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

அறிக்கையில் 250 முதல் 900 வரையான ஒரு புள்ளி இருக்கும். எல்லாரும் அதையே பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அதை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் வரிகளைப் பென்சிலோடு வாசியுங்கள். அடையாள அட்டை இலக்கம் சரியா? பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதிய அட்டையில் 12 இலக்கம். இரண்டு அட்டையிலும் கடன் எடுத்தவர்களுக்குக் குழப்பம் வர இடமுண்டு. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவது இன்னொரு தலையிடி. அப்புறம் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே மீதி எவ்வளவு, நிலுவை எவ்வளவு, நீங்கள் கடனாளியா பிணையாளியா என்று பாருங்கள். கட்டி முடித்த மெஷின் கடன் இன்னும் நிலுவையாகக் காட்டினால், தீர்த்ததற்கான கடிதத்தோடு அந்த வங்கிக்கே எழுதுங்கள், பணியகத்திலும் முறைப்பாடு பதியுங்கள்.

என் கணிப்பில் உங்கள் சிக்கல் மெஷின் கடனில் இல்லை, ஆட்டோவில்தான். ‘வண்டியே போயிட்டு, இனி என்ன கடன்’ என்று உங்கள் கணவர் நினைத்திருப்பார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் கம்பனி வண்டியை எடுத்ததும் கணக்கு மூடுவதில்லை. உதாரணத்துக்கு, கட்ட வேண்டியது 6 லட்சம், வண்டி விற்றது நாலரை லட்சம் என்று வையுங்கள். மீதி ஒன்றரை லட்சமும், வண்டியைத் தூக்கிய செலவும், தாமத வட்டியும் அப்படியே நிற்கும். கணவரின் அறிக்கையில் கடனாக, உங்கள் அறிக்கையில் பிணையாக.

ஆகவே கம்பனிக்கு எழுத்தில் கேளுங்கள்: வண்டி எந்தத் திகதியில், என்ன விலைக்கு விற்கப்பட்டது, என்னென்ன செலவு சேர்த்தார்கள், இன்றைய மீதி என்ன. கையில் கணக்கு வந்த பிறகு பேரம் பேசலாம். ஒரேயடியாகக் கட்டினால் தாமத வட்டியைக் குறைக்கும் கம்பனிகள் உண்டு. அந்த 40,000 ஐ இங்கே கொண்டு வாருங்கள். ஆனால் ஒரு சதம் கட்டுவதற்கு முன், ‘இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும், கிரிப்புக்கு இப்படி அறிவிப்போம்’ என்று கடிதம் வாங்கிவிடுங்கள். தள்ளுபடி பெற்று மூடிய கணக்கும் முழுதாகக் கட்டிய கணக்கும் அறிக்கையில் ஒன்றுபோல் தெரியவேண்டும் என்றில்லை. வசூலுக்கு வரும் தம்பியின் கையில் காசு கொடுக்காமல், கம்பனியின் கணக்கில் கட்டிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு மாதம் விட்டு மறுபடி அறிக்கை எடுத்துப் பாருங்கள்.

கம்பனி பதிலே தராமல் இழுத்தடித்தால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இல் அழையுங்கள். நேரில் பேச விரும்பினால் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது.

மெஷின் கடன் விஷயத்தில் அவ்வளவு கவலை வேண்டாம். 90 நாள் தாண்டினாலே வங்கி அதைச் செயற்படாக் கடன் என்று வகைப்படுத்தும், உங்களுடையது நான்கு மாதம். அந்தத் தழும்பு உடனே மறையாது. ஆனால் கடன் கொடுக்கும் அதிகாரியும் 2022 பொருளாதார நெருக்கடியைக் கடந்து வந்தவர்தான். அந்த வருட ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. எரிபொருள் அட்டை வந்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர்தான். அதற்குப் பிறகு நீங்கள் கட்டி முடித்தீர்கள் என்பதைத் தீர்த்த கடிதத்தோடு சொன்னால் காது கொடுப்பார்கள்.

இனிப் புதிதாக நல்ல வரிகள் விழ வேண்டும். கொஞ்சம் காசு சேர்ந்ததும் அதை நிலையான வைப்பில் போட்டு, அதன்மேல் ஒரு சிறு கடன் எடுங்கள். வைப்பே பிணை என்பதால் வங்கிக்குப் பயம் குறைவு. உங்கள் காசை வைத்து நீங்களே வட்டி கட்டுவது முட்டாள்தனமாகத் தோன்றும். பெயரைத் திரும்ப வாங்கும் விலை அது. வைப்பு 1 லட்சம் என்றால் 50,000 போதும், ஒரு வருடம் ஒரு தவணையும் பிந்தாமல் கட்டுங்கள். சீட்டு நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் கிரிப்பில் வராது.

தவணைத் திகதியையும் யோசித்துக் கேளுங்கள். உங்கள் கையில் காசு வருவது பள்ளிச் சீருடை தைக்கும் காலத்திலும், பெரும்போக வேளாண்மை வெட்டி நெல்லுக் காசு ஊருக்குள் வந்த பிறகும். இடைப்பட்ட மாதங்களில்தான் தவணை தவறுகிறது. அதனால் காசு வரும்போதே இரண்டு தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்து, அதிலிருந்து தானாகக் கழியும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் எடுத்து வங்கித் தவணை கட்டுவது மட்டும் வேண்டாம்.

ஒரே மாதத்தில் நாலு வங்கியில் விண்ணப்பிக்கவும் வேண்டாம். யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்பதும் அறிக்கையில் பதிகிறது, பார்க்கிறவருக்கு அது அவசரமாகத் தெரியும். ஆட்டோக் கணக்கு மூடும் வரை யாருக்கும் பிணை போடாதீர்கள், கேட்பது கூடப்பிறந்த அக்காவாக இருந்தாலும்.

ஓவர்லொக் வரும் சீசனுக்கே வேண்டுமென்றால் புது மெஷினுக்குக் காத்திருக்காமல், கல்முனைப் பக்கம் பழைய மெஷின் கிடைக்குமா என்று விசாரியுங்கள். சீருடை ஓடர் தருபவர்களிடம் அரைவாசி முற்பணம் கேளுங்கள், கொடுப்பார்கள்.