திருவிழா முடிந்தும் காதுக்குள் 'கொய்ங்'

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் மேடை ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே 3 மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'கொய்ங்' என்ற சத்தம், காலையில்தான் நின்றது. ஒலி என்பது வெறும் காற்றின் அசைவுதானே, அது காதை என்ன செய்துவிடும்?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: காற்றின் அசைவுதான், ஆனால் அது காதுக்குள் போய்ச் சேரும் இடம் தண்ணீர் மாதிரியான திரவம். கிணற்றில் முங்கியிருக்கும்போது மேலே நிற்பவர் கூப்பிட்டால் நமக்குச் சரியாகக் கேட்காது இல்லையா? காற்றில் வரும் ஒலி தண்ணீரில் பட்டால் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. அதைச் சமாளிக்கத்தான் செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். அங்கவடி எலும்பு 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறியது. பெரிய செவிப்பறையில் விழும் அழுத்தத்தை ஒரு சின்னச் சவ்வில் குவித்து, சுமார் 20 மடங்காக்கி இவை உள்ளே தள்ளுகின்றன.

உள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்லியா. அதற்குள் இருக்கும் திரவம் அசைய, நீளவாக்கில் ஓடும் ஒரு சவ்வும் அசைகிறது. கீச்சென்ற ஒலிக்கு அந்தச் சவ்வின் வாசல் பக்கமும், தவிலின் கனத்த அடிக்கு உள்நுனியும் அதிகம் ஆடும். இதைக் கண்டறிந்த விஞ்ஞானி பெகெஷிக்கு 1961இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சவ்வின் மேல் ஒரு காதுக்குச் சுமார் 15,000 உரோம செல்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் நுண்ணிய இழைகள் சாயும்போது மின் சமிக்ஞை பிறந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, அப்போதுதான் நாம் 'கேட்கிறோம்'.

உங்கள் ஸ்பீக்கர் அடித்தது இந்த இழைகளைத்தான். கொஞ்சம் துவண்டால் நிமிர்ந்துவிடும், ஆனால் செல் செத்துப்போனால் போனதுதான். கோழிக்குக்கூடத் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. காலையில் சரியாகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சுண்டெலிகளை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கேட்கும் திறன் பழையபடி திரும்பிய பிறகும் உரோம செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பல நிரந்தரமாக அறுந்திருந்தன. பொதுவாக இரைச்சலில் முதலில் அடிபடுவது உயர்ந்த சுருதியைக் கேட்கும் பகுதி. ச, ஸ போன்ற எழுத்துகளின் ஒலி அங்கேதான் விழுகிறது, அதனால்தான் காது மங்கியவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒலியின் வலிமையை டெசிபல் என்ற அலகால் அளப்பார்கள். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்! அடுத்த முறை தயவுசெய்து தள்ளி உட்காருங்கள், திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். காதில் பஞ்சு வைத்தால் போதாது, மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பான் நல்லது. அப்புறம், கொய்ங் சத்தம் ஓரிரு நாளில் நிற்காவிட்டாலோ, ஒரு காது திடீரென்று மந்தமானாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே போங்கள், திடீர்ச் செவிட்டுக்குச் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம்.